சிவப்புப் பென்சில் புள்ளடி

ரொறன்ரோவுக்கு நான் கொண்டுபோன பெட்டியில் உடுப்பைவிடக் கடதாசிதான் கூட. 1961, 62, 63 ஆம் ஆண்டுப் பத்திரிகைப் பக்கங்களைப் பெரிதாக அச்சடித்து, சுருட்டி, பொலித்தீன் பைக்குள் போட்டு, ஒரேயொரு குளிர்ச் சட்டைக்குள் பொத்திவைத்திருந்தேன். விமான நிலையத்தில் சுங்க அதிகாரி ஒரு சுருளை விரித்துப் பார்த்தார். முகப்பவுடர் விளம்பரத்துப் பெண் அவரைப் பார்த்துச் சிரித்தாள். எந்த வருசம் என்று கேட்டார். சொன்னேன். "என் அம்மா பிறந்த வருசம்" என்றவர், விரித்ததைவிடக் கவனமாகச் சுருட்டித் தந்தார்.

யாழ்ப்பாணத்தில் ஒரு சிறிய நூலகத்தில் எனக்கு வேலை. பழைய பத்திரிகைகளை ஒவ்வொரு பக்கமாக ஸ்கான் செய்து கணினியில் சேர்ப்பது. ரொறன்ரோவில் மல்வேர்ன் என்கிற பகுதியில் இருக்கிற முதியோர் சங்கம் ஒன்று 'அறுபத்திரண்டில் ஒரு நாள்' என்று ஒரு கண்காட்சி வைக்கத் தீர்மானித்து, பத்திரிகைப் பக்கங்களோடு ஆளையும் அனுப்புங்கள் என்று எங்கள் நூலகத்துக்கு எழுதியிருந்தது. அங்கத்தவர்களிடம் இருக்கிற பழைய கடதாசி, படம் எல்லாவற்றையும் ஸ்கான் செய்து கொடுப்பதும் என் பொறுப்பு. பன்னிரண்டு நாள்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அப்பா மூன்றாம் வகுப்போடு நின்றவர். அப்பப்பாவுக்குக் கையெழுத்து என்றால் பெருவிரல்தான். விமானத்தில் தந்த படிவத்தை நிரப்பும்போது அந்த விரலைத்தான் நினைத்துக்கொண்டேன்.

முதல் நாள் குலம் அண்ணை என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார். சங்கத்தின் காரியதரிசி. முப்பது வருசம் பாண் சுடுகிற தொழிற்சாலையில் நின்று ஓய்வு பெற்றவர். வரிசையாக ஒட்டியபடி நிற்கிற சிவப்புச் செங்கல் வீடுகளில் ஐந்தாவது அவருடையது. சித்திரை மாதம். ஊரில் அப்போது தார் உருகிக்கொண்டிருக்கும். இங்கே வாசற்படியில் ஊத்தைப் பனி ஒரு குவியலாகக் கிடந்தது.

"உது போன மாதமே போயிருக்க வேணும். உம்மைப் பாக்கத்தான் நிண்டது போலை" என்றார் குலம் அண்ணை.

சாப்பாடு இடியப்பமும் சொதியும் கத்தரிக்காய்ப் பொரிச்ச குழம்பும். பத்தாயிரம் மைல் பறந்து வந்து வீட்டுச் சாப்பாட்டையே சாப்பிடுகிறோமே என்று ஒரு பக்கம் ஏமாற்றம். மற்றப் பக்கம், இரண்டாம் தரமும் சொதி விட்டுக்கொண்டேன். அவர்களுடைய மகள் அபி, பல்கலைக்கழகத்தில் முதல் வருசம். மேசைக்கு மற்றப் பக்கத்திலிருந்து என்னை ஆராய்ந்தாள்.

"அண்ணா, நீங்க ஃபுல் டைமா பழைய பேப்பர் மட்டும்தான் ஸ்கான் பண்ணுறீங்களா? லைக், எவ்ரி டே?"

"ஓம்."

"போர் அடிக்காதா?"

இல்லை என்றேன். அது உண்மை. அறுபதுகளில் ஒரு நாள்கூட நான் வாழ்ந்ததில்லை. ஆனால் நாலு வருசமாக அந்தப் பக்கங்களோடுதான் சீவியம். எந்தத் தியேட்டரில் எந்தக் கிழமை எந்தப் படம் ஓடியது, கூப்பனுக்கு எத்தனை கொத்து அரிசி, ஆகாயத்துக்கு முதல் மனிதன் போய்வந்த செய்தி எந்தப் பக்கத்தில் எந்தச் சவர்க்கார விளம்பரத்துக்குப் பக்கத்தில் வந்தது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். சிலவேளை நேற்றைய பத்திரிகையைவிட அது கிட்ட இருப்பதுபோல இருக்கும்.

இரண்டாம் நாள் கண்காட்சி வைக்கிற மண்டபத்துக்குத் தனியாகப் போகிறேன் என்று வீரம் பேசினேன். பஸ் இலக்கம் எழுதித் தந்தார்கள். இலக்கம் சரி. நான் ஏறியதும் அந்த இலக்கம்தான். ஆனால் பத்து நிமிசத்தில் வரவேண்டிய மண்டபம் முக்கால் மணித்தியாலமாகியும் வரவில்லை. கடைசியில் பஸ் ஒரு வெட்டைவெளிக்குள் போய் நின்றது. சாரதி திரும்பிப் பார்த்து ஏதோ சொன்னார். பின் ஆசனத்தில் வேலைச் சப்பாத்தோடு இருந்த ஒரு பெண்தான் தமிழில் மொழிபெயர்த்தார்.

"தம்பி, இது கடைசித் தரிப்பு. எங்கை போக வேணும்?"

சொன்னேன். அவர் சிரிக்கத் தொடங்கி, முடிக்க முடியாமல் ஆசனத்தைப் பிடித்துக்கொண்டார்.

"றோட்டுக்கு மற்றப் பக்கம் நிண்டு ஏறியிட்டீர். ஊரிலை வாகனம் இடப்பக்கம், இஞ்சை வலப்பக்கம். வாற எல்லாருக்கும் இதுதான் முதல் பாடம். நான் மூண்டு நாள் தொழிற்சாலைக்குப் பதிலா உந்த வெட்டையைத்தான் பாத்தனான்."

கைப்பையிலிருந்து ஒரு மட்டன் றோல்ஸ் எடுத்து, பாதியாகப் பிய்த்து, பெரிய பாதியை என்னிடம் நீட்டினார். திரும்பிப் போகிற பஸ் வரும்வரை இரண்டு பேரும் கண்ணாடிக் கொட்டிலுக்குள் நின்று சாப்பிட்டோம். ஊர் றோல்ஸைவிடத் தடிப்பு. மிளகு கூட. அவருடைய பெயரைக் கேட்க மறந்துபோனேன்.

மண்டபத்தில் அந்த நேரம் பெரிய சண்டை. மூன்று மேசைகளைச் சேர்த்துப் போட்டு, வெள்ளை மட்டையில் 'அந்தக் காலத்து விலைகள்' என்று தலைப்பு எழுதியிருந்தார்கள். தலைப்புக்குக் கீழே ஒரு வரிகூட இல்லை. ஏழெட்டுப் பேர் ஒரே நேரத்தில் கதைத்தார்கள்.

"கலரி ரிக்கற் அம்பது சதம். நான் சத்தியம் பண்ணுவன்" என்றார் புவனம் அன்ரி. எழுபத்தெட்டு வயது. கையில் மட்டை எழுதுகிற பேனை.

"புவனம், நீர் எந்தக் காலத்திலை கலரியிலை இருந்தனீர்? உங்கடை ஆக்கள் எல்லாம் முதலாம் வகுப்பெல்லோ" என்றார் ஒரு பெரியவர். உயரம், நெற்றியில் திருநீறு, சட்டைப் பையில் இரண்டு பேனை. பரராசா மாஸ்ரர் என்று குலம் அண்ணை என் காதுக்குள் சொன்னார். கண்காட்சி அவருடைய யோசனை. "கலரி அறுபத்தைஞ்சு. என்ரை மாமாவின்ரை தியேட்டர். எனக்குத் தெரியாதோ?"

"மாமாவின்ரை தியேட்டர் எண்டால் நீங்கள் ஓசியிலை பாத்திருப்பியள். ஓசியிலை பாத்தவைக்கு விலை எப்பிடித் தெரியும்?"

எல்லாரும் சிரித்தார்கள். கடைசியில் 'கலரி: 50 அல்லது 65 சதம்' என்று எழுதினார்கள். பால் விடாத பிளேன்ரீக்கும் பாணுக்கும் பாட்டுப் புத்தகத்துக்கும் இதே வழக்குத்தான். பாட்டுப் புத்தகம் என்றதும் எல்லார் முகமும் மாறியது. படத்தின் பாட்டுகளும் பாதிக் கதையும் அதில் இருக்கும். மிச்சக் கதைக்குத் திரையைப் பார் என்று முடியும். தியேட்டருக்குப் போக முடியாதவர்கள் அந்தப் பாதிக் கதையை வைத்து மிச்சத்தைத் தாங்களே கட்டிவிடுவார்களாம். புவனம் அன்ரி கட்டிய முடிவுகள் படத்தில் வந்தவற்றைவிடத் திறம் என்று அவருடைய சிநேகிதிகள் அந்தக் காலத்தில் சொல்வார்களாம்.

றேடியோ வைத்திருக்க லைசென்ஸ் எடுத்த காலம். நேயர் விருப்பத்துக்குத் தபாலட்டையில் பாட்டின் பெயரை எழுதி, கீழே வீட்டில் உள்ள எல்லாருடைய பெயரையும், பூனையின் பெயர் உட்பட, எழுதி அனுப்பிய காலம். அரசாங்க அலுவலகமான கச்சேரியின் வாசலில் சத்தியாக்கிரகம் இருந்து, பிறகு ஊரடங்கு போட்ட காலம். "ஊரடங்கு எண்டால் பள்ளிக்கூடம் இல்லை. எங்களுக்கு அது மட்டுந்தான் விளங்கினது" என்றார் அன்ரி.

"எல்லாம் எவ்வளவு மலிவு!" என்று யாரோ பெருமூச்சு விட்டார்கள். ஒரு நாள் கூலி எவ்வளவு என்றும் ஒரு வரி எழுதலாமே என்று நான் கேட்டேன்.

"கூலியோ? அது ஆருக்கு ஞாபகம்" என்றார் மாஸ்ரர். கோபமாக இல்லை. உண்மையாகவே யோசித்துப் பார்த்துத்தான் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, எங்கள் ஆட்கள் எங்கே சந்தித்தாலும் கேட்கிற அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"தம்பி எவடம்?"

ஊரின் பெயரைச் சொன்னேன். அவருடைய முகம் மலர்ந்தது. "எங்கடை பக்கமெல்லோ! ஊரிலை எவடம்?"

ஸ்ரேசனடி என்றேன்.

"ஸ்ரேசனடியிலை எவடம்? ஆற்றை பிள்ளை?"

பசை காயமுன் படங்களை ஒட்டவேண்டும் என்று சொல்லி எழுந்துவிட்டேன். எழும்பியதற்குக் காரணம் பசை இல்லை. ஊரில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. 'தலைகீழார்'. அப்பப்பா இளந்தாரியாக இருந்தபோது ஒரு தியேட்டருக்கு நோட்டீஸ் ஒட்டுகிற வேலை செய்தவர். ஒருநாள் ஏழு சந்தியிலும் நோட்டீஸைத் தலைகீழாக ஒட்டிவிட்டார். வேலை போனது. பெயர் போகவில்லை. அப்பாவைத் 'தலைகீழான்ரை மோன்' என்பார்கள். ஆறாம் வகுப்பில் என் மேசையில் எவனோ என் பெயரைத் தலைகீழாக வெட்டி வைத்தான். இன்றைக்கும் ஒரு பக்கத்தை ஸ்கானரில் வைத்தால் நேராக இருக்கிறதா என்று இரண்டு தரம் பார்ப்பேன். மாமாவின் தியேட்டர் என்றும் எங்கடை பக்கம் என்றும் மாஸ்ரர் சொன்ன இரண்டையும் சேர்த்துப் பார்த்தேன். எங்கள் ஸ்ரேசனடியில் இருந்தது ஒரே ஒரு தியேட்டர்தான்.

நாலாம் நாள் குலம் அண்ணை என்னை றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலுக்குக் கூட்டிப்போனார். உள்ளே ஊர். வெளியே கார்த் தரிப்பிடம். சுவாமி கும்பிட்ட நேரத்தைவிடக் காரை எங்கே விட்டோம் என்று தேடிய நேரம் கூட. ஊர்க் கோயிலில் தொலைகிறது செருப்பு மட்டுந்தான். பிள்ளையாரிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்று. மாஸ்ரர் இனிமேல் எவடம் என்று கேட்கக்கூடாது.

பிள்ளையார் அடுத்த நாளே கைவிட்டார். மாஸ்ரர் யூனியன்வில்லில் மகனோடு இருக்கிறார். அவருடைய பழைய படங்களை எடுத்துவர என்னையும் அபியையும் அனுப்பினார்கள். அபிதான் கார் ஓடினாள். பெரிய வீடு. சப்பாத்துக் கழற்றுகிற இடமே எங்கள் வீட்டு விறாந்தை அளவு. மாஸ்ரர் ஒரு பிஸ்கற் பெட்டியைக் கொண்டுவந்து மடியில் வைத்துக்கொண்டார்.

ரிக்கற் துண்டுகள், நோட்டீஸ்கள், றேடியோ லைசென்ஸ், தபால் முத்திரை. ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை. கதை சொல்கிறபோது அவர் எண்பத்திரண்டு வயதுக்காரர் இல்லை.

"இதுதான் தம்பி எங்கடை கண்காட்சியின்ரை மாணிக்கம்" என்று கடைசியாக ஒரு சின்னப் படத்தை எடுத்தார். கறுப்பு வெள்ளை. உள்ளங்கை அளவு. "என்ரை பெட்டிக் கமராவாலை எடுத்தது. அபி, நீரும் பாரும். சிரிச்சுச் சாவீர்."

ஒரு மதில். மதிலில் எழுத்து மட்டும் உள்ள பெரிய நோட்டீஸ். அத்தனை எழுத்தும் தலைகீழ். பக்கத்தில் ஒரு கையில் பசை வாளியும் மறுகையில் தும்புத் தூரிகையுமாக ஓர் இளந்தாரி, நல்ல வேலை செய்து முடித்த பெருமையோடு கமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றான்.

"செல்லன் எண்டு ஒருத்தன். ஆனா ஆவன்னா தெரியாது. ஏழு சந்தியிலையும் இப்பிடியே ஒட்டி வைச்சிருக்கிறான்! சனம் முழுக்கத் தலையைக் கவிட்டுக்கொண்டு வாசிக்குது. சோக்கான பெடியன், பாவம்" என்று மாஸ்ரர் கண்ணீர் வரச் சிரித்தார்.

அபியும் சிரித்தாள். பிறகு என்னைப் பார்த்து நிறுத்தினாள்.

அந்த முகத்தை நான் முன்பு பார்த்ததில்லை. எங்கள் வீட்டில் அப்பப்பாவின் மிகப் பழைய படம் அடையாள அட்டைக்கு எடுத்தது. அப்போதே அவருக்குத் தலை நரைத்துவிட்டது. அதற்கு முந்தியதெல்லாம் இடப்பெயர்வுகளில் போய்விட்டது. ஆனால் அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும். ஒவ்வொரு நாள் காலையும் கண்ணாடியில் பார்க்கிற சிரிப்பு.

"இதைப் பெருப்பிச்சு வாசலிலை வைப்பம். கீழை எழுதும்: 'எழுத்தறியாதவன் ஒட்டிய நோட்டீஸ்.'"

சரி என்றேன். படத்தை வாங்கி உறைக்குள் வைத்தேன்.

திரும்பி வரும்போது அபி மூன்று சிக்னல் தாண்டினாள். பிறகு, "யூ நோ ஹிம், ரைற்?" என்றாள்.

"என்ரை அப்பப்பா."

அவள் ஓரமாகக் காரை நிறுத்திவிட்டாள். "நான் சிரிச்சிட்டேன். ஐம் ஸோ சொறி, அண்ணா. மாஸ்ரர் தாத்தாட்ட ஏன் நீங்க சொல்லேல்ல?"

இங்கே என்னைத் தம்பி, தம்பி என்று எல்லாரும் மரியாதையாக நடத்துகிறார்கள். ஆற்றை பிள்ளை, யாருடைய பேரன் என்று தெரிந்தால் அந்தக் குரல் கொஞ்சம் மாறும். மாறினாலும் அவர்களுக்கே தெரியாது. எனக்குத் தெரியும். இதை ரொறன்ரோவில் பிறந்த பிள்ளைக்கு எப்படி விளங்கப்படுத்துவது? படத்தைக் கொடுக்காமல் மறைத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். ஆனால் அப்பப்பாவின் இருபது வயது முகம் உலகத்தில் அந்த ஒரு துண்டுக் கடதாசியில்தான் இருக்கிறது.

அடுத்த நாள் காலை குலம் அண்ணை வீட்டு நிலக்கீழ் அறையில் அதை ஸ்கான் செய்தேன். எவ்வளவு பெரிதாக்க முடியுமோ அவ்வளவு. நோட்டீஸின் மேல் மூலையில் கறுப்பாக ஏதோ தெரிந்தது. தூசி என்று நினைத்துக் கண்ணாடியைத் துடைத்து மறுபடியும் எடுத்தேன். போகவில்லை. இன்னும் பெரிதாக்கினேன். இரண்டு கோடு ஒன்றை ஒன்று வெட்டியிருந்தது. தேர்தல் வாக்குச் சீட்டில் போடுவதுபோல ஒரு புள்ளடி.

ஊரில் அப்போது பின்னேரம் ஆறரை. வீட்டுக்கு வீடியோ அழைப்பு எடுத்தேன். அப்பப்பா போனைக் காதில் வைத்துக்கொண்டார். முகத்துக்கு முன்னால் பிடியுங்கோ என்று அம்மா கத்துவது கேட்டது. நான் கணினித் திரையைப் போனுக்குக் காட்டினேன்.

அவர் நெடுநேரம் பார்த்தார்.

"இந்தச் சேட்டு என்ரை இல்லை" என்றார். "குஞ்சியப்புவின்ரை. கலியாண வீட்டுக்கெண்டு இரவல் வாங்கினது. பசை பட்டு, பேச்சு வாங்கினனான்."

"அப்பப்பா, நோட்டீஸிலை ஒரு புள்ளடி கிடக்கு. என்னது?"

"அதோ? எனக்கு எழுத்துத் தெரியாதெண்டு மனேச்சர் ஐயா சிவப்புப் பென்சிலாலை புள்ளடி போட்டுத் தருவார். புள்ளடி உள்ள பக்கம் வானத்துக்கு. அதுதான் கணக்கு. எத்தினை படத்துக்கு ஒட்டினனான், ஒண்டும் பிழைச்சதில்லை. அண்டைக்கு அவர் கொழும்புக்குப் போட்டார். வேறை ஆரோ போட்டுத் தந்தது. நான்தான் அவசரத்திலை பாக்காமல் ஒட்டியிட்டன் போலை. என்ரை பிழைதான்."

கறுப்பு வெள்ளைப் படத்தில் சிவப்பும் கறுப்புத்தான். "இல்லை அப்பப்பா" என்றேன்.  "புள்ளடி மேலை நிக்குது. வானத்துப் பக்கம்."

அவர் திரைக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுவந்தார். அம்மாதான், "என்னவாம் மாமா?" என்று கேட்டார்.

"புள்ளடி மேலையாம்" என்றார் அப்பப்பா. கொஞ்சம் பொறுத்து மறுபடியும், "மேலையாம்" என்றார்.

பிறகு கதை கதையாக வந்தது. மெயில் ரெயினில் வருகிற நோட்டீஸ் கட்டின் வாசம். கோதுமை மாவோடு, பூச்சி அரிக்காமல் துரிசும் கலந்து காய்ச்சுகிற பசை. நாள் கூலி ஒன்றரை ரூபாய், ஆனால் கலரியில் எந்தப் படமும் ஓசி. ஒரே படத்தை இருபது தரம் பார்த்து, வசனத்தை நடிகருக்கு முன்னால் தான் சொல்லுவாராம். வேலை போனபிறகு காசு கொடுத்துப் படம் பார்க்க மனம் வரவில்லையாம். இதையெல்லாம் அவர் எங்களுக்கு ஒருநாளும் சொன்னதில்லை. பட்டப்பெயருக்குப் பயந்து நாங்களும் கேட்டதில்லை.

கண்காட்சிக்கு முதல் நாள் மண்டபத்தில் படங்களைக் கொளுவிக்கொண்டிருந்தோம். அபி ஏணியைப் பிடித்தாள். வாசலுக்கு நேரே பெரிதாக்கிய படம். மாஸ்ரர் இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தார்.

"சோக். எழுத்தைக் காணேல்லை? கீழை எழுதச் சொன்னனெல்லோ."

ஏணியிலிருந்து இறங்கினேன். 

"மாஸ்ரர், நான் எவடம் எண்டு கேட்டனீங்கள். ஸ்ரேசனடியிலை, தண்டவாளத்துக்கு அங்காலை, கள்ளுத் தவறணைக்குப் பின் ஒழுங்கை. செல்லையாவின்ரை பேரன். இந்தப் படத்திலை நிக்கிற செல்லன்ரை."

புவனம் அன்ரி கையில் வைத்திருந்த ஊசிப் பெட்டியை மெதுவாக மேசையில் வைத்தார். குலம் அண்ணை எதையோ தேடுவதுபோலக் குனிந்தார். மாஸ்ரர் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அந்தச் சிரிப்பை அவரும் கண்டிருக்கவேண்டும்.

"இந்த மூலையைப் பாருங்கோ" என்று புள்ளடியைக் காட்டினேன். அப்பப்பா சொன்னதைச் சொன்னேன். வானத்துப் பக்கம் என்பதையும் சொன்னேன். குற்றம் சொல்லவில்லை. யார் போட்டதென்று எனக்குத் தெரியாது.

மாஸ்ரர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். போட்டுக்கொண்டு மூலைக்குக் கிட்டப் போனார். பிறகு பக்கத்தில் இருந்த மடக்குக் கதிரையில் இருந்துவிட்டார்.

"மாமா மனேச்சரோடை கொழும்புக்குப் போட்டார்" என்று தரையைப் பார்த்துச் சொன்னார். "நான் சோதினை எழுதிப்போட்டு மறுமொழி பாத்துக்கொண்டிருந்த நேரம். தியேட்டர்க் கந்தோரைப் பார் எண்டு விட்டிட்டுப் போனவர். நோட்டீஸ் கட்டு மேசையிலை கிடந்தது, எழுத்து மனேச்சரின்ரை கதிரையைப் பாத்தபடி. அவற்றை கதிரையிலை நான் எப்பிடி இருக்கிறது? பெரியாக்களின்ரை கதிரை. மற்றப் பக்கத்திலை ஸ்ரூலைப் போட்டு இருந்தனான். மனேச்சர் போடுறமாதிரி அங்காலை மூலை, அங்காலை மூலை எண்டு எல்லாத்துக்கும் போட்டுக்கொண்டு போனனான்; என்ரை பக்கத்திலை இருந்து பாத்தால் அது எழுத்தின்ரை கால்மாடு."

விரலால் காற்றில் ஒரு புள்ளடி போட்டுக் காட்டினார்.

"எழுத்தைக்கூடப் பாக்கேல்லை. றேடியோவிலை நேயர் விருப்பம் போகுது. தபாலட்டை போட்டிருந்தன். எப்ப என்ரை பேர் வாசிப்பினம் எண்டு காது முழுக்க அங்கை." நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "படம் எடுக்கேக்கையும் நான் யோசிக்கேல்லை, தம்பி. அறுபது வருசமா இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பிச்சிருக்கிறன். ஒருக்காலும் யோசிக்கேல்லை. அவனுக்கு... அவருக்கு வேலை போனதோ?"

"அடுத்த நாளே."

"எனக்கு அடுத்த கிழமை மறுமொழி வந்தது. கொழும்புக்குப் போட்டன்."

கதிரையிலிருந்து எழும்பி, "இருக்கிறாரோ?" என்று கேட்டார்.

போனை எடுத்து அழைத்தேன். ஊரில் இரவுச் சாப்பாட்டு நேரம். இம்முறை அப்பப்பா போனை முகத்துக்கு நேரே சரியாகப் பிடித்திருந்தார். வாயில் பாதிப் பிட்டு.

"செல்லையா அண்ணை" என்றார் மாஸ்ரர். அந்த 'அண்ணை' அவர் வாயில் ஒருமுறை தடக்கி, பிறகு வந்தது. "நான் பரராசா. தியேட்டர்காரரின்ரை மருமோன். அண்டைக்குப் புள்ளடி போட்டது நான். பிழையாப் போட்டிட்டன், அண்ணை. நீங்கள் சரியாத்தான் ஒட்டினீங்கள்."

அப்பப்பா மென்று விழுங்கினார். கண்ணைச் சுருக்கித் திரையைப் பார்த்தார். கோபப்படுவார் என்றுதான் நினைத்தேன். கோபப்படட்டும் என்றும் நினைத்தேன்.

"ஸ்ரூலிலை இருந்த பெடியன்?" என்றார். "றேடியோவுக்குள்ளை தலையை விட்டுக்கொண்டு? நான் நோட்டீஸ் கட்டைத் தூக்கேக்கை, என்ரை பேர் வரப்போகுது, சத்தம் போடாதை எண்டு கை காட்டினது?"

"ஓம், அண்ணை. அது நான்தான்."

"வாசிச்சவங்களோ?"

மாஸ்ரருக்கு விளங்கவில்லை. "என்னத்தை?"

"உம்மடை பேரை. நான் வாசல்லை நிண்டு பாத்தனான். வாளி கையிலை கனக்குது, பசை இறுகுது. வாசிக்கிறதைக் கேட்டிட்டுப் போவம் எண்டு நிண்டனான். பிறகு நேரம் போட்டுது. வாசிச்சவங்களோ?"

மாஸ்ரர் போனை இரண்டு கையாலும் பிடித்தார். "வாசிச்சவங்கள்" என்றார். "கடைசிப் பேரா."

"அது நல்லது" என்றார் அப்பப்பா.

கண்காட்சிக்குக் கனபேர் வந்தார்கள். பிளேன்ரீயை அறுபத்திரண்டாம் ஆண்டு விலைக்கு விற்கிறோம் என்று குலம் அண்ணை அறிவித்ததால் வரிசை கார்த் தரிப்பிடம் வரை நின்றது. இங்கே ஒரு சதக் குற்றியே புழக்கத்தில் இல்லை என்பது கடைசி நேரத்தில்தான் அவருக்கு நினைவு வந்தது. எல்லாருக்கும் ஓசி. விலைப் பட்டியலின் அடியில் புவனம் அன்ரி ஒரு வரி சேர்த்திருந்தார்: 'நோட்டீஸ் ஒட்டுபவரின் நாள் கூலி: ஒன்றரை ரூபாய்.' அதற்குமட்டும் யாரும் வழக்குப் பேசவில்லை. வாசலில் இருந்த படத்தின் கீழே மாஸ்ரர் தன் கையாலேயே எழுதினார்: 'ஒட்டியவர்: திரு. செல்லையா. பிழையாகக் குறித்தவர்: த. பரராசா.' படம் பார்த்துச் சிரித்தவர்களுக்கெல்லாம் பக்கத்தில் நின்று கதையைப் புதிதாகச் சொன்னார். சனம் முன்பைவிடக் கூடச் சிரித்தது. இம்முறை தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று அவர் என்னிடம் ஒரு பெருமையோடு சொன்னார்.

புறப்படுகிற அன்று விமான நிலையத்துக்கு மாஸ்ரரும் வந்தார். ஒட்டிய கடித உறை ஒன்றைத் தந்தார்; உள்ளே உள்ளங்கை அளவில் ஏதோ விறைப்பாகத் தட்டுப்பட்டது. "பிரிச்சுப் பாக்காதையும். அண்ணையின்ரை கையிலை குடும்."

அபி என் தோளில் தட்டி, "அண்ணா, ஊர்ல பஸ் எந்தப் பக்கம்னு நினைவிருக்கா?" என்றாள். இருக்கிறது என்றேன். இறங்கிய அன்று றோட்டில் முதலில் தவறான பக்கம்தான் பார்த்தேன். முச்சக்கர வண்டிக்காரனிடம் பேச்சு வாங்கினேன்.

வீட்டில் அப்பப்பா கதிரையில் இருந்தார். உறையைக் கொடுத்தேன். அதில் பெயர் இல்லை, விலாசம் இல்லை. ஒரு மூலையில் சிவப்புப் பென்சிலால் ஒரு புள்ளடி மட்டும் இருந்தது. அவர் அதை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு உறையை, புள்ளடி வானத்தைப் பார்க்கும்படி, மெல்லத் திருப்பிப் பிடித்துக்கொண்டு பிரித்தார்.